நயாகரா கவுண்டி: அருவி மட்டும் இல்லீங்க, ஆறு, ஏரி, நடுவுல ஒரு பாறை விளிம்பு

பையனுக்கு நயாகரா பக்கம் வேலை கெடைச்சிருக்கு, அருவி இருக்கற அந்த கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) முழுக்க எப்படி இருக்கும், ஃபால்ஸைத் தவிர பாக்க ஏதாவது இருக்கா, குடும்பத்தோட தங்கினா சரிப்படுமான்னு கேட்டிருந்தீங்க. நான் இந்தப் பக்கம் ரொம்ப வருஷமா இருக்கேன், இந்த ஊர் மேல எனக்குத் தனி பிரியம் உண்டு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஏன்னா இங்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் அருவியைப் பாத்து, போட்ல நனைஞ்சு, ஃபோட்டோ எடுத்துட்டு அன்னைக்கே கிளம்பிடறாங்க, கவுண்டியோட மிச்சத்தை யாரும் எட்டிக்கூடப் பாக்கறதில்ல.

முதல்ல எங்க இருக்குன்னு சொல்லிடறேன். நியூயார்க் மாநிலத்தோட மேற்குக் கோடில இருக்கு, நியூயார்க் சிட்டிலேருந்து கார்ல ஆறேழு மணி நேரம் ஆகும். மேற்கே நயாகரா ஆறு, ஆத்துக்கு அந்தாண்ட கனடா. வடக்கே முழுக்க ஒன்டாரியோ ஏரி. தெற்கே டோனவாண்டா க்ரீக்னு ஒரு சின்ன ஆறு, அதைத் தாண்டினா பஃபலோ இருக்கற ஈரி கவுண்டி. கிழக்கே ஆர்லியன்ஸ் கவுண்டி. 1808-ல உருவாச்சு, அப்போ ஈரி கவுண்டியும் இதுக்குள்ளதான் இருந்துச்சு, 1821-ல அதைத் தனியா பிரிச்சுட்டாங்க. நயாகரா ஃபால்ஸ், நார்த் டோனவாண்டா, லாக்போர்ட்னு மூணு சிட்டி, 12 டவுன், தலைநகரம் லாக்போர்ட். 2020 சென்சஸ்படி 2,12,666 பேர்.

இதெல்லாம் மேப்பைப் பாத்தாலே தெரிஞ்சிடும். மேப்ல சட்டுனு கண்ணுல படாத விஷயம் ஒண்ணு இருக்கு, அது புரிஞ்சாதான் இந்த கவுண்டி புரியும். கவுண்டி நடுவுல கிழக்கு மேற்கா ஒரு பாறை விளிம்பு ஓடுது, நயாகரா எஸ்கார்ப்மென்ட்னு சொல்வாங்க. நம்ம பழைய வீடுகள்ல தெருவைவிட திண்ணை உசரமா இருக்குமில்லையா, அதே மாதிரி கவுண்டியோட தெற்குப் பாதி உசரத்துல இருக்கு, வடக்குப் பாதி கீழ தாழ்வா ஏரி வரைக்கும் சமவெளியா போகுது. ஈரி ஏரிக்கும் ஒன்டாரியோ ஏரிக்கும் மட்ட வித்தியாசம் சுமார் 99 மீட்டர், நயாகரா ஆறு 58 கிலோமீட்டர் வடக்குப் பாக்க ஓடி இந்த 99 மீட்டரை இறங்கியாகணும், அதுல பெரும்பகுதியை இந்த விளிம்பை ஒட்டித்தான் இறங்குது. அருவி, கரண்டு, கால்வாய், ஃபாக்டரி, ஆப்பிள் தோட்டம், இந்த ஊரோட நல்லது கெட்டது எல்லாமே இந்த இறக்கத்துலேருந்து வந்ததுதான்.

அருவியைப் பத்தி சுருக்கமா சொல்றேன், அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா அது இப்ப இருக்கற இடத்துல எப்பவும் இருந்ததில்ல. சுமார் 12,000 வருஷத்துக்கு முன்னால பனிப்பாறைகள் பின்வாங்கினப்போ ஆறு லூயிஸ்டன் ஊர் பக்கத்துல, அந்த விளிம்போட முனைலேருந்துதான் விழுந்துச்சு. மேல கெட்டியான டோலோமைட் பாறை, அதுக்குக் கீழ மெத்துன்னு ஷேல் பாறை. தண்ணி கீழ்ப்பாறையை அரிக்க அரிக்க மேல்பாறை பிடிமானம் இல்லாம உடைஞ்சு விழும், அருவி ஒரு அடி பின்னால போகும். இப்படியே சுமார் 11 கிலோமீட்டர் பின்வாங்கி வந்ததுல வெட்டின பள்ளத்தாக்குதான் கீழ இருக்கற கார்ஜ். அந்த மேல்பாறைக்கு புவியியல்காரங்க வெச்ச பேரே லாக்போர்ட் டோலோமைட், நம்ம கவுண்டி தலைநகரத்தோட பேருதான். தண்ணில சுமார் 90 சதவீதம் ஹார்ஸ்ஷூ அருவில விழுது, அதோட பெரும்பகுதி கனடா பக்கம். அமெரிக்கன் ஃபால்ஸும் பக்கத்துல இருக்கற சின்ன பிரைடல் வெய்லும் முழுசா இந்தப் பக்கம். 1969-ல ஆர்மி இன்ஜினியர்கள் ஆத்துல தடுப்பு கட்டி அமெரிக்கன் ஃபால்ஸை மாசக்கணக்குல வறண்டு போக வெச்சு, பாறையெல்லாம் எப்படி இருக்குன்னு ஆராஞ்சாங்க, கீழ குவிஞ்சு கெடக்கற பாறைங்களை எடுத்துடலாமான்னு யோசிச்சுட்டு கடைசில அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. அது ரொம்ப நல்ல முடிவுன்னு நான் நினைக்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டுல அருவிக் கரையெல்லாம் தனியார் கைல இருந்துச்சு. வேலி போட்டு, காசு வாங்கிட்டுதான் தண்ணியைப் பாக்கவே விட்டாங்க, கரையெல்லாம் மில்லு. சென்ட்ரல் பார்க்கை வடிவமைச்ச ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட் உட்பட நிறைய பேர் வருஷக்கணக்கா போராடி 1885-ல மாநில அரசு அந்த நிலத்தை வாங்கி பார்க் ஆக்குச்சு, அமெரிக்காவோட ரொம்பப் பழைய ஸ்டேட் பார்க்னு அதைச் சொல்வாங்க. இன்னைக்கும் நடந்து போனா உள்ள போக டிக்கெட் கெடையாது, பார்க்கிங்குக்கும் போட் மாதிரி விஷயங்களுக்கும்தான் காசு. கனடா பக்கம் நின்னா அருவி முழுசா தெரியும், நிஜந்தான், ஆனா கோட் ஐலண்டுல மரங்களுக்கு நடுவுல நடந்து போய் தண்ணி கவுர்ற விளிம்புல, கைக்கு எட்டற தூரத்துல நிக்கறது இந்தப் பக்கம் மட்டும்தான் கெடைக்கும். என்னைக் கேட்டா அருவியை கனடால பாக்கணும், ஆத்தை அமெரிக்கால பாக்கணும்.

இப்போ கரண்டு விஷயத்துக்கு வர்றேன், இதுதான் ஊரோட தலையெழுத்தையே மாத்துச்சு. 1895-ல ஆடம்ஸ் பவர் ஸ்டேஷன்ல டெஸ்லாங்கற விஞ்ஞானி, வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இவங்களோட ஏசி முறைல, அதாவது மாறுதிசை மின்சாரமா, பெரிய அளவுல கரண்டு எடுத்தாங்க, 1896 நவம்பர்ல அந்தக் கரண்டு பஃபலோ வரைக்கும் போச்சு. கரண்டை தூரத்துக்கு அனுப்ப முடியும்னு உலகம் நம்பினது இங்க பாத்துதான்னு சொல்லலாம். மலிவா கரண்டு கெடைச்சதும் அலுமினியம், கார்போரண்டம்ங்கற சாணைப் பொருள், குளோரின், காஸ்டிக் சோடான்னு கரண்டை நிறைய சாப்பிடற தொழிலெல்லாம் ஆத்தங்கரைக்கு வந்து வரிசையா உக்காந்துச்சு. 1956 ஜூன் 7-ஆம் தேதி ஷோல்காஃப் பவர் ஸ்டேஷனோட பெரும்பகுதி கார்ஜ் சுவத்தோட சரிஞ்சு ஆத்துல விழுந்துடுச்சு, தொழிலாளர் ஒருத்தர் இறந்தாரு. அந்த இடிபாடு இருந்த இடத்துல இப்போ ஒரு எலிவேட்டர் வெச்சிருக்காங்க, அதுல இறங்கி கீழ போய் மிச்சச் சுவர்களைப் பாக்கலாம். அதுக்கப்புறம் அவசர அவசரமா 1961-ல திறந்ததுதான் லூயிஸ்டன்ல இருக்கற ராபர்ட் மோசஸ் மின்நிலையம், 13 டர்பைன், நியூயார்க் மாநிலத்துலயே அதிகமா கரண்டு உற்பத்தி பண்ற இடம் அதுதான், பக்கத்து பம்ப் ஸ்டேஷனையும் சேத்தா 2,400 மெகாவாட்டுக்கு மேல.

அருவில விழற தண்ணி பூரா இயற்கையா விழறதில்லங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. 1950-ல ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி டூரிஸ்ட் சீசன்ல பகல் நேரத்துல நொடிக்கு குறைஞ்சது 1,00,000 கன அடி அருவில விடணும், ராத்திரிலயும் குளிர்காலத்துலயும் 50,000 விட்டா போதும். ஆத்துல சராசரியா வர்றதே சுமார் 2,00,000 கன அடிதான், அப்போ நீங்க பகல்ல பாக்கறது ஏறக்குறைய பாதி ஆறு, மீதி பூமிக்கு அடில டனல் வழியா ரெண்டு நாட்டு மின்நிலையங்களுக்கும் போயிட்டிருக்கு. ராத்திரி எடுக்கற உபரித் தண்ணியை மேல ஒரு பெரிய ரிசர்வாயர்ல ஏத்தி வெச்சுக்கிட்டு, பகல்ல கரண்டுக்கு டிமாண்ட் வர்றப்போ தொறந்து விடுவாங்க. பாறை அரிப்பு முன்ன இருந்ததைவிட ரொம்பக் குறைஞ்சதுக்கும் தண்ணியை இப்படித் திருப்பி விடறது ஒரு காரணம்.

அந்த ரிசர்வாயர் யார் நிலத்துல கட்டினாங்கங்கறது ஒரு வலியான கதை. லூயிஸ்டன் பக்கத்துல டஸ்கரோராங்கற பூர்வகுடி மக்களோட ரிசர்வேஷன், அதாவது அவங்களுக்குன்னு ஒதுக்கின நிலம் இருக்கு. அவங்க பூர்வீகம் வட கரோலினா, அங்க போர்ல தோத்து வடக்க வந்து இரோக்குவாங்கற பூர்வகுடி இனங்களோட கூட்டமைப்புல ஆறாவது இனமா சேந்தவங்க. மின்நிலையத்துக்குப் பேர் குடுத்த ராபர்ட் மோசஸ், அப்போ மாநில மின்வாரியத் தலைவர், அந்த நிலத்துல ஆயிரம் ஏக்கருக்கு மேல கேட்டாரு, அவங்க விக்க மாட்டோம்னுட்டாங்க, பெண்களும் பிள்ளைகளும் சர்வேயர்களை வழி மறிச்சு நின்னாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1960-ல அவங்களுக்கு எதிரா தீர்ப்பாச்சு, கடைசில 550 ஏக்கர் போச்சு. ஜஸ்டிஸ் ஹ்யூகோ பிளாக் அந்தத் தீர்ப்புக்கு எதிரா எழுதினதுல, பெரிய மனுஷங்களைப் போலவே பெரிய தேசங்களும் குடுத்த வாக்கைக் காப்பாத்தணும்னு முடிச்சிருப்பாரு. மின்நிலையத்துல விசிட்டர் சென்டர் நல்லா பண்ணியிருக்காங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, ஆனா மேல தெரியற அந்த நீர்த்தேக்கத்தோட கதையையும் அவங்களுக்குச் சொல்லுங்க.

அடுத்தது லவ் கெனால். குடும்பத்தோட வர்றவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்னு நான் கண்டிப்பா நினைக்கிறேன். 1890-கள்ல வில்லியம் லவ்னு ஒருத்தர் அருவியைச் சுத்தி ஒரு கால்வாய் வெட்டி, அந்த மட்ட வித்தியாசத்துல கரண்டு எடுத்து, ஒரு முன்மாதிரி நகரம் கட்டப் போறேன்னு ஆரம்பிச்சாரு. பண நெருக்கடி வந்துச்சு, ஏசி கரண்டு வந்ததால தண்ணி பக்கத்துலயே ஃபாக்டரி இருக்கணுங்கற கட்டாயமும் போச்சு, கால்வாய் கொஞ்ச தூரம் வெட்டினதோட நின்னுடுச்சு. 1942-லேருந்து 1953 வரைக்கும் ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி அந்தப் பள்ளத்துல 20,000 டன்னுக்கு மேல ரசாயனக் கழிவைக் கொட்டி மண்ணைப் போட்டு மூடி, 1953-ல ஒரு டாலருக்கு ஸ்கூல் போர்டுக்கு வித்துச்சு, கழிவு இருக்கு, பின்னால ஏதாச்சும் ஆனா நாங்க பொறுப்பில்லன்னு பத்திரத்துலயே எழுதிட்டாங்க. போர்டும் அது தெரிஞ்சே அங்க ஸ்கூல் கட்டுச்சு, சுத்தி வீடுகள் வந்துச்சு. 1970-கள்ல மழை பெஞ்சும் பனி உருகியும் நிலத்தடி நீர் மட்டம் ஏறினப்போ அந்தக் கழிவு வீட்டு பேஸ்மென்ட்ல கசிய ஆரம்பிச்சுது, கருச்சிதைவு, பிறவிக் குறைபாடுன்னு பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடு கேள்விப்பட ஆரம்பிச்சாங்க. அந்த ஸ்கூல்ல பையனைச் சேத்திருந்த லூயிஸ் கிப்ஸ்ங்கற ஒரு சாதாரண அம்மா வீடு வீடா போயி கையெழுத்து வாங்கி, ஜனங்களைத் திரட்டி, விடாம நின்னாங்க. 1978 ஆகஸ்ட் 7-ல ஜனாதிபதி கார்ட்டர் அவசரநிலை அறிவிச்சாரு, மொத்தத்துல 900-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கேருந்து இடம் மாறினாங்க, விஷக்கழிவு இடங்களைச் சுத்தம் பண்றதுக்காக 1980-ல வந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்துக்கு இந்த இடம்தான் முக்கிய காரணம். இன்னைக்கும் அந்த நிலம் வேலி போட்டு, மேல களிமண் மூடி, கசிவை பம்ப் பண்ணி சுத்திகரிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. இன்னொண்ணு, லூயிஸ்டன், போர்ட்டர் டவுன் பக்கம் ரெண்டாம் உலகப் போர்ல டிஎன்டி வெடிமருந்து தயாரிக்க எடுத்த நிலம் ஒண்ணு இருக்கு, அதுல அணுகுண்டு தயாரிச்ச மன்ஹாட்டன் ப்ராஜெக்ட்டோட ரேடியம் கலந்த கழிவு இன்னும் புதைச்சு வெச்சிருக்காங்க, ஆர்மி இன்ஜினியர்கள் பொறுப்புல இருக்கு.

பயமுறுத்தறதுக்குச் சொல்லல. கவுண்டி முழுக்க விஷம்னு நினைச்சுடாதீங்க, அது தப்பு. ஆனா வீடு வாங்கறதுக்கு முன்னாடி அந்த நிலத்துல முன்னால என்ன இருந்துச்சுன்னு விசாரிக்கறது இந்தக் கவுண்டில அத்தியாவசியம், சுற்றுச்சூழல் துறை ரெக்கார்டு எல்லாம் பொதுமக்கள் பாக்கற மாதிரிதான் இருக்கு.

நயாகரா ஃபால்ஸ் சிட்டியைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். 1960-ல 1,02,394 பேர் இருந்த ஊர், 2020-ல 48,671. ஃபாக்டரிங்க ஒவ்வொண்ணா மூடிச்சு, 1960, 70-கள்ல புதுப்பிக்கறோம்னு சொல்லி பழைய கடைத்தெருவையே இடிச்சுத் தள்ளினாங்க, அந்த இடத்துல வரும்னு சொன்னது பாதி வரல. ராபர்ட் மோசஸ் போட்ட பார்க்வே ரோடு வேற ஊருக்கும் கார்ஜுக்கும் நடுவுல வந்து அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்போ சமீப வருஷங்கள்ல அந்த ரோட்டோட ஒரு பகுதியைப் பேத்து எடுத்து நடைபாதை, புல்வெளின்னு மாத்தியிருக்காங்க, ஊர் ஜனங்க மறுபடி கார்ஜ் விளிம்பு வரைக்கும் நடந்து போக முடியுது. எனக்கு இந்த ஊர்ல ரொம்ப சந்தோஷம் குடுத்த மாற்றம் அதுதான். 2002 கடைசி நாள்ல செனகாங்கற பூர்வகுடி இனத்தவங்க கேசினோ திறந்தாங்க, அது அவங்க இறையாண்மை நிலம். அருவி பக்கத்துல இந்தியன் ரெஸ்டாரன்ட் நிறைய இருக்கு, சாப்பாட்டுக்குக் கவலை வேணாம்.

இந்த ஊர் ஆம்ட்ராக் ரயில் ஸ்டேஷன் கட்டடத்துலயே அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு மியூசியம் ஒண்ணு இருக்கு, 2018-ல திறந்தது. பேர்தான் ரயில்ரோடு, நிஜத்துல அடிமைகள் தப்பிச்சுப் போக உதவின ரகசிய ஆட்களோட வலைப்பின்னல் அது. அடிமைத்தளைலேருந்து தப்பிச்சு வந்தவங்களுக்கு இந்த ஆறுதான் கடைசி எல்லை, தாண்டிட்டா கனடா, சுதந்திரம். அருவி பக்கத்துல கேட்டராக்ட் ஹவுஸ்னு ஒரு பெரிய ஹோட்டல் இருந்துச்சு, தென் மாநில முதலாளிங்க அடிமைகளையும் கூட்டிக்கிட்டு சுற்றுலா வந்து தங்குவாங்க, அங்க வேலை பாத்த கறுப்பின வெயிட்டர்கள் பகல்ல அந்த முதலாளிங்களுக்குப் பரிமாறிட்டு ராத்திரில அந்த அடிமைகளைப் படகுல ஏத்தி அக்கரைக்கு அனுப்புவாங்க. 1855-ல ரோப்ளிங்ங்கற இன்ஜினியர் கட்டின ரயில் தொங்குபாலம் வழியா, தானும் அடிமையா இருந்து தப்பிச்சு மத்தவங்களையும் மீட்ட ஹேரியட் டப்மன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. சின்ன மியூசியம்தான், ஆனா அருவிக்கு ஒதுக்கற நேரத்துல ஒரு மணி நேரத்தைக் கொறைச்சுட்டு இங்க போங்கன்னு சொல்வேன்.

லாக்போர்ட் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊர். ஈரி கால்வாய் 1825-ல முடிஞ்சுது, ஹட்சன் ஆத்துலேருந்து ஈரி ஏரி வரைக்கும் 363 மைல். கிழக்கேருந்து சமவெளில வந்த கால்வாய் இந்தப் பாறை விளிம்பு முன்னால வந்து நின்னுடுச்சு, படகை மேல ஏத்தணும். நேதன் ராபர்ட்ஸ்ங்கற இன்ஜினியர், கல்லூரிப் படிப்பெல்லாம் இல்லாதவரு, அஞ்சு லாக்கை, அதாவது உள்ள தண்ணி மட்டத்தை ஏத்தி இறக்கிப் படகை ஏத்தி இறக்கற கதவு போட்ட தொட்டிகளை, அடுத்தடுத்து மாடிப்படி கணக்கா கட்டினாரு, மேல போற படகுக்கு ஒரு வரிசை, கீழ வர்றதுக்கு ஒரு வரிசை, மொத்தம் 60 அடி ஏத்தம். அதோட முடியல, மேல ஏறினதுக்கப்புறமும் மைல் கணக்குல கெட்டிப் பாறையை வெடிமருந்து வெச்சு வெட்டணும், அயர்லாந்துலேருந்து வந்த தொழிலாளிங்க செஞ்ச வேலை அது, வெடில சிக்கிச் செத்தவங்களும் உண்டு. அந்த வேலைக்காக வந்தவங்க தங்கின இடம்தான் ஊரா வளந்துச்சு. 1910-கள்ல ஒரு வரிசையை எடுத்துட்டு ரெண்டு பெரிய லாக் கட்டினாங்க, இன்னொரு பழைய வரிசை அப்படியே இருக்கு, அதைத்தான் மறுபடி மரக்கதவு போட்டுச் சீர்பண்ணிக்கிட்டு வர்றாங்க. கோடையில போட் டூர்ல போனா நீங்க உக்காந்திருக்கற படகே லாக்குக்குள்ள மெதுவா மேல ஏறும், பிள்ளைங்களுக்கு அருவியைவிட இது நல்லா புரியும். பேர்ட்சில் ஹாலிங்கற கண்டுபிடிப்பாளர் இதே ஊர்க்காரர்தான், பம்ப் வெச்சு அழுத்தத்துல தண்ணி விட்டு தீயணைக்கற முறையையும், 1877-ல ஒரு பாய்லர்லேருந்து குழாய் வழியா தெரு முழுக்க வீடுகளைச் சூடாக்கற முறையையும் இங்கதான் செஞ்சு காட்டினாரு.

கால்வாயோட மேற்குக் கோடில நார்த் டோனவாண்டா, ஒரு காலத்துல மரக்கட்டை வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். திருவிழால சுத்தற மரக்குதிரை ராட்டினம் செய்யற ஹெர்ஷல் ஃபாக்டரி இப்போ மியூசியமா இருக்கு, பிள்ளைங்க இருந்தா அரை நாள் சுகமா போகும்.

சரி, இப்போ விளிம்புக்குக் கீழ இறங்குவோம், இங்கதான் டூரிஸ்ட்டுங்க வரவே வராத கவுண்டி ஆரம்பிக்குது. லூயிஸ்டன்ல ஆறு கார்ஜை விட்டு வெளிய வந்து சட்டுனு அமைதியாயிடும், ஏரி வரைக்கும் படகு விடலாம். சின்ன அழகான ஊர், ஆத்தங்கரைல ஆர்ட்பார்க்னு திறந்தவெளி அரங்கம் இருக்கு. 1813 டிசம்பர்ல, அமெரிக்கப் படை அக்கரைல ஒரு கனடா ஊரைக் கொளுத்தினதுக்குப் பழிவாங்க பிரிட்டிஷ் படை வந்து லூயிஸ்டனைக் கொளுத்துச்சு, அப்போ எண்ணிக்கைல ரொம்பக் குறைவா இருந்த டஸ்கரோரா ஆளுங்க குறுக்க நின்னு ஊர் ஜனம் தப்பிச்சு ஓட நேரம் வாங்கிக் குடுத்தாங்க. அதுக்கு 2013-ல ஊர் நடுவுல சிலை வெச்சிருக்காங்க. அதே மக்களோட நிலத்தைத்தான் 1960-ல எடுத்தாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

ஆறு ஏரில சேர்ற முனைல, யங்ஸ்டவுன்ல, ஃபோர்ட் நயாகரா. அருவியால படகு மேல போக முடியாது, எல்லாரும் சரக்கை இறக்கிக் கரை வழியா தூக்கிக்கிட்டுப் போகணும், அதனால இந்த முனையை யார் பிடிச்சாங்களோ அவங்க கைலதான் உள்நாட்டு வியாபாரம். 1726-ல பிரெஞ்சுக்காரங்க கட்டின கல் மாளிகை இன்னும் நிக்குது, 1759-ல பிரிட்டிஷ் பிடிச்சாங்க, 1796-ல அமெரிக்கா கைக்கு வந்துச்சு, 1813-ல ராத்திரில வந்து பிரிட்டிஷ் மறுபடி பிடிச்சாங்க, 1815-ல திரும்ப வந்துச்சு. 1813-ல பறிபோன கோட்டைக் கொடி பின்னால திரும்பி வந்து இன்னைக்கு உள்ள கண்ணாடிக்குள்ள இருக்கு. வானம் தெளிஞ்சிருந்தா கோட்டைச் சுவர்லேருந்து ஏரிக்கு அந்தாண்ட டொராண்டோ கட்டடங்க தெரியும். டொராண்டோ ஸ்கார்பரோல சொந்தக்காரங்க இருந்தா லூயிஸ்டன் பாலத்தைத் தாண்டி கார்ல ரெண்டு மணி நேரத்துல போயிடலாம், இந்தப் பக்கம் இருக்கற தமிழ்க் குடும்பங்களுக்கு மளிகைக்கும் கோவிலுக்கும் அது பெரிய வசதி.

கோட்டைலேருந்து கிழக்க ஏரிக்கரையோட ரூட் 18-ல போங்க. ஒன்டாரியோ ஏரி ஆழம் ஜாஸ்தி, சராசரியே 86 மீட்டர், அதனால குளிர்காலத்துல பெரும்பாலும் முழுசா உறையாது. வசந்தத்துல ஏரி ஜில்லுனு இருக்கறதால கரைல பூ சீக்கிரம் மலராம தாமதமாகும், பின்பனில கருகாம தப்பிச்சுடும், இலையுதிர்காலத்துல ஏரி வெதுவெதுன்னு இருக்கறதால முதல் உறைபனி தள்ளிப்போகும். தெற்கே விளிம்பு, வடக்கே ஏரி, நடுவுல இருக்கற இந்தப் பட்டைல ஆப்பிள், பீச், செர்ரி, திராட்சைன்னு தோட்டம் தோட்டமா இருக்கும். நயாகராங்கற வெள்ளைத் திராட்சை ரகமே 1868-ல லாக்போர்ட்ல உருவாக்கினதுதான். விளிம்பை ஒட்டின நிலத்தை 2005-ல தனி ஒயின் பகுதியா அறிவிச்சிருக்காங்க. ஜூலைல செர்ரி, செப்டம்பர் அக்டோபர்ல ஆப்பிள், நீங்களே பறிச்சுக்கலாம். தோட்டங்களுக்கு நடுவுல போற ரிட்ஜ் ரோடு, அதாவது ரூட் 104, பனியுகத்துல இருந்த இரோக்குவா ஏரியோட பழைய கரை மேட்டு மேலயே போகுது, அந்த மேடு எப்பவும் காஞ்சு இருந்ததால பூர்வகுடி மக்களோட காலடிப் பாதையா இருந்து அப்புறம் ரோடாச்சு. வழில உருண்டைக் கூழாங்கல்லை வரிசை வரிசையா பதிச்சுக் கட்டின 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் கண்ணுல படும், வண்டியை நிறுத்திப் பாருங்க.

ஏரில கலக்கற ஓடைங்களுக்கு நயாகரா ஆத்து வாய்லேருந்து எவ்வளவு தூரமோ அதையே பேரா வெச்சிருக்காங்க, வில்சன்ல ட்வெல்வ் மைல் க்ரீக், ஆல்காட்ல எய்ட்டீன் மைல் க்ரீக், இன்னும் கிழக்க சோமர்செட்ல தர்ட்டி மைல் பாயின்ட்ல 1875-ல கட்டின கல் கலங்கரை விளக்கம், மேல ஏறிப் பாக்கலாம். அதே சோமர்செட் கரைலதான் நியூயார்க் மாநிலத்தோட கடைசி நிலக்கரி மின்நிலையம் இருந்துச்சு, 2020-ல மூடிட்டாங்க. எய்ட்டீன் மைல் க்ரீக்ல பர்ட் டேம் கீழ இலையுதிர்காலத்துல சால்மன் மீன் ஏரிலேருந்து முட்டையிட ஏறி வரும், தூண்டில்காரங்க எங்கெங்கேருந்தோ வருவாங்க. பாக்கறதுக்குப் போங்க, ஆனா அந்த ஓடை மீனைச் சாப்பிடாதீங்க, மேல லாக்போர்ட்ல பழைய ஃபாக்டரிங்க விட்ட பிசிபி ரசாயனம் மண்ணுல கெடக்கு, 2012-ல அதையும் சூப்பர்ஃபண்ட் லிஸ்ட்ல சேத்தாங்க. ஏரி மீனுக்கும் மாநில சுகாதாரத்துறை அறிவுரை இருக்கு, கர்ப்பிணிங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்ல அதைப் படிச்சுட்டு வாங்குங்க. ஏரிக்கரைல வீடு வேணும்னு ஆசை வந்தா 2017, 2019 ரெண்டு வருஷமும் ஏரி மட்டம் ஏறிக் கரையோர வீடுகளை என்ன பண்ணுச்சுன்னு அந்தத் தெருக்காரங்கள்ட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

தங்கறதைப் பத்தி: நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் ஈரி கவுண்டில ஆம்ஹெர்ஸ்ட்ல இருந்துக்கிட்டு இங்க வேலைக்கு வந்து போறாங்க, பல்கலைக்கழகம், கெட்ஸ்வில் இந்துக் கோவில், கடைகள் எல்லாம் அந்தப் பக்கம். நயாகரா கவுண்டிக்குள்ளயே இருக்கணும்னா லூயிஸ்டன், வீட்ஃபீல்ட், லாக்போர்ட் சுத்துவட்டாரத்தை முதல்ல பாருங்க. பனின்னா எல்லாரும் பஃபலோவைச் சொல்லிப் பயமுறுத்துவாங்க, காத்து தென்மேற்குலேருந்து ஈரி ஏரி மேல வர்றதால பெரிய அடி பஃபலோவுக்குத் தெற்கே இருக்கற ஊர்களுக்குத்தான் அதிகம் விழும், இங்க பொதுவா அதைவிடக் குறைவு. அதுக்காக அலட்சியமா இருக்காதீங்க, 2022 டிசம்பர் மாதிரி பனிப்புயல் வந்தா எல்லா இடமும் ஒண்ணுதான், ஸ்னோ டயர் போட்டு, வீட்ல ரெண்டு மூணு நாளைக்குச் சாமான் வெச்சுக்கணும்.

ரெண்டு நாள் இருந்தா முதல் நாள் காலைல கோட் ஐலண்ட், அப்புறம் கார்ஜ் விளிம்போட வேர்ல்பூல், டெவில்ஸ் ஹோல் பார்க் ரெண்டும், மின்நிலையம், சாயந்திரம் லூயிஸ்டன். டெவில்ஸ் ஹோல்ல கீழ இறங்கற படிக்கட்டு செங்குத்து, முட்டிவலி இருக்கறவங்க மேலயே நின்னுக்கலாம். மறுநாள் கோட்டை, ஏரிக்கரை ரோடு, ஆல்காட்ல மதியம், அங்கேருந்து தெற்கே லாக்போர்ட். அருவி கிட்டக்கப் போற மேய்ட் ஆஃப் தி மிஸ்ட் போட் குளிர்காலத்துல ஓடாது, அதுக்காகவே வர்றதா இருந்தா மே முடிஞ்சு அக்டோபருக்குள்ள வாங்க. இந்தியன் பாஸ்போர்ட்னா கனடா விசா இல்லாம அக்கரைக்குப் போற ரெயின்போ பாலத்தைத் தாண்ட வேணாம், விசா இருந்தாலும் அமெரிக்காவுக்குள்ள திரும்பி வர்றதுக்கு உங்க பேப்பர் எல்லாம் செல்லுமான்னு பையனோட கம்பெனி ஆளுங்கள்ட்ட முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க.